முழங்கையைத் தாங்கிய இடது கை

அந்தச் சனிக்கிழமை காலை மிஸ்டர் வோல்ட்டரின் வெள்ளைச் சட்டையை இரண்டு தரம் அயர்ன் பண்ணினேன். முதல் தரம் பண்ணியதில் குறை ஒன்றும் இல்லை. என் கைதான் சும்மா இருக்க மாட்டேன் என்றது.

அவர் கட்டில் விளிம்பில் பெனியனோடு இருந்தார். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். பச்சைப் புல் மணமும், மிஸ்டர் வோல்ட்டரின் தோளில் பூசும் நோவெண்ணெய் மணமும் அறைக்குள் கலந்து நின்றன.

சட்டை போட்டுவிடுவதற்கு எங்கள் வேலையில் ஒரு முறை இருக்கிறது. ஏலாத கைக்குத்தான் முதலில் சட்டையை ஏற்ற வேண்டும். கழற்றும்போது அந்தக் கை கடைசி. அவருக்கு ஏலாத கை வலது கை. அதை என் உள்ளங்கையில் தாங்கி, பால்குடிப் பிள்ளைக்குப் போடுவது போலச் சட்டைக்குள் நுழைத்தேன்.

"கமலா, உந்தக் கையைப் பாத்தால் ஆராவது நம்புவினமோ, ஒருகாலத்தில உதுக்குச் சம்பளம் குடுத்தவங்கள் எண்டு?"

"உங்கட வாய்க்கு ஒருத்தரும் சம்பளம் குடுக்கேல்லை எண்டதைத்தான் நம்பமாட்டினம்."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் பிறகு சிரிப்பாகி அடங்கியது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு பேஸ்போல் மைதானத்தின் நடுவில், இத்தனை சனத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். சம்பிரதாயத்துக்கு முதல் பந்தை எறிய வேண்டும். அந்தக் கையால் எறிய முடியாது என்பது எனக்கும் தெரியும், அவர் மகள் லிண்டாவுக்கும் தெரியும். எறியாமல் போய் நிற்கவும் மாட்டேன் என்று கிழமைக்கணக்காக அடம்பிடித்தவர், முந்தின நாள் திடீரென்று "வாறன்" என்று சொல்லிவிட்டார். போய் என்ன செய்யப் போகிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் பேசியது இங்கிலீஷ். என் மனதில் அது எங்கள் தமிழாகத்தான் பதிந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன். அவர் இருந்திருந்தால் கோபித்திருக்க மாட்டார்.

ஆமிக்காரர் வீடு

கனடாவுக்கு வந்து ஒரு பக்டரியில் கொஞ்சக் காலம் பெட்டி ஒட்டினேன். பிறகு வயதானவர்களின் வீடுகளுக்குப் போய் உதவி செய்யும் வேலை கிடைத்தது. அங்கே என்னைப் பழக்கியவர் ஜமேக்காக்காரப் பெண், நல்ல உயரம், நல்ல வாய். "ஆக்கள் உனக்குத் தேத்தண்ணி தந்தால் குடி, கதை தந்தால் இரு" என்று முதல் நாளே சொன்னார். மனிதர்கள் பேசுகிற பேச்சை முந்தானையில் முடிந்துகொண்டு வருகிற பழக்கம் எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. அந்தப் பெண்ணின் பேச்சு இன்னும் முடிச்சு அவிழாமல் இருக்கிறது.

மிஸ்டர் வோல்ட்டரின் வீடு ஸ்காபரோவில், மாடி இல்லாத சின்ன வீடு. ஆரம்பத்தில் எனக்கு அங்கே வீட்டுவேலை மட்டும்தான். தூசி தட்டுவது, உடுப்புத் தோய்ப்பது, சூப் வைப்பது. நான் போகும் நேரம் அவர் சட்டை போட்டு, பொத்தான் எல்லாம் பூட்டி, தலை வாரி, தயாராக இருப்பார். அதற்கு அவர் எத்தனை மணிக்கு எழும்பினார், எவ்வளவு பாடுபட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அலுமாரிக்கு மேலே ஒரு படம் இருந்தது. ஆமி உடுப்பில், தொப்பி சரிந்து, இளவயது வோல்ட்டர். நான் அலுமாரி முழுக்கத் தூசி தட்டுவேன். அந்தப் படத்தைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் விட்டுவிடுவேன். யாழ்ப்பாணத்தில் அந்த உடுப்பைக் கண்டால் நாங்கள் ஒழுங்கைக்குள் இறங்கி ஓடிப் பழகியவர்கள். உடுப்பின் நிறம் வேறு, நாடு வேறு என்று மூளைக்குத் தெரிந்தாலும் வயிற்றுக்குத் தெரியவில்லை.

வீட்டில் இவரிடம் சொன்னேன்.

"ஆமிக்காரனுக்கோ சூப் வைக்கிறாய்?" என்றார் என் கணவர்.

"கிழவர், பாவம்."

"எல்லா ஆமிக்காரனும் கிழவனானால் பாவம்தான்."

மரியாதை தெரிந்த வெள்ளைக்காரர்

படத்தைச் சுற்றியிருந்த அந்த வட்டத்தை அழித்தது ஒரு அப்பிள் பழம்.

அவருடைய பின்வளவில் ஒரு அப்பிள் மரம் நின்றது. ஒருநாள் வேலை முடிந்து நான் சப்பாத்துப் போடும்போது கூப்பிட்டு ஒரு பழம் நீட்டினார். வலது கையில் பழம். இடது கையை வலது முழங்கையின் கீழே பிடித்திருந்தார்.

எனக்கு மேல் புல்லரித்தது. கோயிலில் ஐயருக்குத் தட்டத்தை நீட்டுவதும், பெரியவர்களுக்கு வெற்றிலை கொடுப்பதும் எங்களில் அப்படித்தானே. ஒற்றைக் கையால் நீட்டினால் அது சும்மா கொடுத்தது. மற்றக் கையால் முழங்கையைத் தொட்டால் அது மதித்துக் கொடுத்தது. கூட்டித் துடைக்க வந்தவளுக்கு ஒரு வெள்ளைக்கார மனிதர் அப்படிக் கொடுக்கிறார். நானும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கினேன்.

தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பித் தருவதும் அப்படித்தான். பேப்பர் தருவதும் அப்படித்தான். ஒருநாளும் தவறவில்லை.

"உவர் முந்தி சிலோன்ல தேயிலைத் தோட்டத்தில துரையா இருந்திருப்பார்" என்று என் கணவர் ஆராய்ந்து முடித்தார்.

"துரைமார் எப்ப எங்களுக்கு மரியாதை தந்தவை?"

"அப்ப போன பிறப்பில எங்கட வண்ணார்பண்ணையில பிறந்திருப்பார்."

கதை எங்கள் அடுக்குமாடிக் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. கீழ்மாடி பரமேஸ் அன்ரி, "அந்த மரியாதை தெரிஞ்ச மனிசனுக்குக் குடு" என்று வடை சுற்றித் தருவார். நவராத்திரிக்கு அவல், தைப்பொங்கலுக்குப் புக்கை. மிஸ்டர் வோல்ட்டருக்கு ஏன் இந்தத் தமிழர்கள் தன்னை இப்படிக் கவனிக்கிறார்கள் என்று விளங்கவே இல்லை. வடையில் நடுவே ஓட்டை இருப்பதைக் கண்டு டோனட் என்று நினைத்துக் கடித்து, மிளகாயில் கண் கலங்கி, "இன்னொண்டு இருக்கோ?" என்று கேட்டவர் அவர்.

சட்டைக்குள் இருந்தது

அந்தக் குளிர்காலம் அவருக்குச் சளி நெஞ்சில் இறங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு வந்தபோது தானாக உடுப்பு மாற்றப் பலமில்லை. அதையும் நானே செய்ய வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

முதல் நாள், "கையைத் தூக்குங்கோ" என்றேன்.

இடது கை உயர்ந்தது. வலது கை அசையவில்லை. பிறகு இடது கையை இறக்கி, வலது முழங்கையின் கீழே கொடுத்து, ஒரு சாமானைத் தூக்குவது போல அந்தக் கையைத் தூக்கித் தந்தார்.

அப்படியே நின்றேன். அப்பிள், கோப்பை, பேப்பர் எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்தன. மரியாதையும் இல்லை, போன பிறப்பும் இல்லை. முண்டு கொடுக்காமல் அந்தக் கை மேலே வராது, அவ்வளவுதான்.

தோளைப் பார்த்தேன். வெட்டு இல்லை, தையல் இல்லை, குண்டு பட்ட அடையாளம் இல்லை. சதை மட்டும் வற்றி, எலும்பின் மேல் தோல் ஈரத் துணி போல ஒட்டிக் கிடந்தது.

"என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"தேய்மானம்" என்றார்.

அதற்கு மேல் கேட்கவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. பரமேஸ் அன்ரியின் வடை தொடர்ந்து வந்தது.

அறுந்த லைன்

அவர் கதை வெளியே வந்தது என் தங்கச்சியால்.

அவள் யாழ்ப்பாணத்தில் இருந்தாள். மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. கொழும்புக்கு யாராவது வந்தால் கடிதம் கொடுத்துவிடுவாள். வருகிறவர்களும் இல்லை. அன்று சமையலறையில் நின்று மூக்கை உறிஞ்சியதை மிஸ்டர் வோல்ட்டர் கேட்டுவிட்டார்.

"என்ர போனில ஒரு கோல் எடுமன்."

"அங்க போன் இல்லை."

"அவவின்ர வீட்டில இல்லையோ?"

"ஊரிலயே இல்லை. லைன் எல்லாம் அறுந்து வருசக்கணக்கு."

கோப்பையை மேசையில் வைத்தார். "அறுந்ததை ஒருத்தரும் போய்க் கட்டேல்லையோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சண்டைக்க போய் ஆர் கட்டுறது?"

"நான் கட்டினனான்" என்றார்.

ஜமேக்காக்காரி சொன்னது நினைவுக்கு வந்தது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

பேஸ்போலில் பந்து எறிபவரைப் பிச்சர் என்பார்கள். அவருக்கு எதிரே, அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிப்பவர் கட்சர். மிஸ்டர் வோல்ட்டர் பிச்சர். இந்த நகரத்தின் சம்பளக்கார அணி ஒன்றுக்காக இரண்டு கோடைகாலம் எறிந்தார். ஏரிக்கரையில் மைதானம். அவர் கையைச் சுழற்றும் நேரம் பார்த்துக் கப்பல் ஊதுமாம். "உது எனக்குத்தான் ஊதுறதெண்டு அம்மா நம்பினவ" என்றார்.

பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. ஆமியில் சேர்ந்தார். இங்கிலாந்தில் இறங்கியதும் அதிகாரிகள் இவர் யார் என்று கண்டுகொண்டார்கள். துவக்கை வாங்கி வைத்துவிட்டுப் பந்தைக் கொடுத்தார்கள். படையினரைச் சந்தோசப்படுத்த ஒவ்வொரு கிழமையும் ஆட்டம். சுத்தமான கட்டில், சுடச்சுடச் சாப்பாடு. யுத்தம் முடியும்வரை அங்கேயே இருந்திருக்கலாம். வேறு பெரிய ஆட்டக்காரர் பலர் அப்படித்தான் இருந்தார்களாம். அவர்களை இவர் ஒரு குறையும் சொல்லவில்லை. "அந்த ஆட்டங்களைப் பாத்துப்போட்டுப் போய்ச் செத்த பொடியங்கள் கனபேர். அதுவும் வேலைதான்" என்றார்.

அந்த அணியில் இவருக்குக் கட்சராக இருந்தவர் பில். டெலிபோன் கம்பி இழுக்கிற பிரிவுக்கு ஆள் காணாது என்று ஒருநாள் பில்லை இத்தாலிக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த கிழமை வோல்ட்டர் அதிகாரியிடம் போய் நின்றார், என்னையும் அனுப்புங்கோ என்று.

"உனக்கென்ன விசரோ எண்டு கேட்டார். கட்சர் இல்லாமல் நான் சுவருக்கோ எறியிறது எண்டு கேட்டனான்."

இத்தாலியில் அந்தக் குளிர்காலம் ஆறுகள் பெருகி, இரண்டு பக்கமும் உயர்ந்த அணை. படையினர் வள்ளத்தில் அக்கரைக்குப் போய்விடுவார்கள். வள்ளங்கள் பிறகு செல்லடிபட்டு மூழ்கிவிடும். அக்கரையில் நிற்பவர்களுக்கு இக்கரையோடு இருக்கிற ஒரே உறவு ஒரு டெலிபோன் கம்பி. அது அறுந்தால் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று இக்கரைப் பீரங்கிக்காரருக்குத் தெரியாது. தங்கள் பீரங்கியே தங்கள் ஆட்கள் மேல் விழும்.

அது அறுந்துகொண்டே இருந்தது.

கல்லில் நூல் கட்டி எறிந்து பார்த்தார்கள். கல் வழுகிக் கழன்றது. வோல்ட்டரின் பைக்குள் பழைய பேஸ்போல்கள் கிடந்தன. சப்பாத்துத் தைக்கும் ஊசியால் ஒன்றைத் துளைத்து நூலைக் கோத்தார். நூலின் நுனியில் கயிறு, கயிற்றின் நுனியில் கம்பி. பில் அக்கரையில் நின்றார். இருட்டோடு இருட்டாக, நனைந்த நூல் இழுக்க இழுக்க, வோல்ட்டர் ஆற்றுக்கு மேலாகப் பந்தை எறிந்தார். பந்து சேற்றில் விழுந்த சத்தத்தை வைத்துப் பில் அதைத் தடவிப் பிடித்து, கம்பியை இழுத்து, போனில் பூட்டினார்.

லைனில் வந்த முதல் பேச்சு என்ன தெரியுமா?

"'கொஞ்சம் வெளியால போட்டுது, வோல்ட்டர்' எண்டான்." பந்து நேராக வராமல் ஓரத்தால் போனால் கட்சர் சொல்லுகிற பேச்சாம் அது.

செல் விழும், அறும், எறிவார். பிறகும் விழும், பிறகும் எறிவார். அந்தக் குளிர்காலம் முழுக்க அதுதான் அவருடைய யுத்தம். ஒருநாள் எறிந்தபோது தோளுக்குள் ஈரத் துணி கிழிவது போல ஒரு சத்தம் கேட்டது. பிச்சருக்கு அந்தச் சத்தம் என்ன என்று தெரியும். ஊரில் அணி அவருக்காக இடம் வைத்துக் காத்திருந்தது. அந்தக் கைதான் அவருடைய சோறு.

"அப்பவே நிப்பாட்டியிருக்கலாமே" என்றேன்.

"பில் அங்கால நிண்டவன், கமலா."

அதற்குப் பிறகும் எறிந்தார். லைன் தாக்குப்பிடித்தது. பில் உயிரோடு திரும்பி வந்து, பக்கத்து ஊரான அஜக்ஸில் கார் விற்று, பேரப்பிள்ளைகள் கண்டு, படுக்கையில் செத்தார். எனக்கு அதைக் கேட்கப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வோல்ட்டர் திரும்பி வந்த வசந்தத்தில் ஏரிக்கரை மைதானத்துக்குப் போனார். எறிந்தார். பந்து பாதியில் விழுந்து உருண்டது. மனேச்சர் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அதன் பிறகு பென்சன் எடுக்கும்வரை டெலிபோன் கம்பனி ஒன்றில் உள்ளே இருந்து செய்கிற வேலை.

"நீங்கள் ஆரையாவது சுட்டீங்களோ?" நெடுநாளாகத் தொண்டையில் நின்ற கேள்வி.

"துவக்குக் கொண்டு திரிஞ்சனான். சுடவேண்டி வந்தால் சுட்டிருப்பன், பொய் சொல்ல மாட்டன். ஆனால் கையில எப்பவும் கம்பி இருந்தது."

அன்று போகும் முன் அலுமாரிக்கு மேலே இருந்த படத்தை எடுத்து, கண்ணாடியை வடிவாகத் துடைத்து வைத்தேன்.

எறியாத பிச்சர்

வசந்தம் பிறக்க, ரூஜ் ஆற்றுப் பக்கம் புதிதாகக் கட்டிய மைதானத்தின் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். நகரமே பேஸ்போல் பைத்தியம் பிடித்துத் திரிந்த காலம் அது. திறப்பு நாளில் முதல் பந்து நீங்கள் எறிய வேண்டும், போரில் காயப்பட்ட வீரர் என்று அறிவிப்போம் என்றார் வந்தவர்.

"காயம் எண்டது சுடுபட்டவனுக்கு. அவங்களின்ர சொல்லை எனக்குப் போடாதேங்கோ" என்றார் வோல்ட்டர்.

அப்படியானால் வேறொருவர் எறிவார், நீங்கள் நின்று கை காட்டினால் போதும் என்றார் வந்தவர்.

"எறியாத பிச்சர் அங்க நிண்டால் சிலை. சிலையில புறா பீச்சும்" என்று கதவைத் திறந்துவிட்டார்.

லிண்டா பிக்கரிங்கில் இருந்து ஓடி வந்து, சமையலறையில் என் பக்கத்தில் நின்று அழுதாள். யுத்தம் முடிந்து வந்த அந்த வசந்தத்துக்குப் பிறகு அவர் ஒரு மைதானத்துக்குள்ளும் கால் வைத்ததில்லையாம். பிள்ளைகளை ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் தான் காருக்குள்ளேயே இருப்பாராம்.

"சாகமுதல் ஒருக்கா உள்ளுக்குப் போகட்டும் எண்டுதான் நினைச்சனான், கமலா. எறியத் தேவையில்லை. புல்லில நிண்டால் காணும்."

அவளுக்காகத்தான் அவரிடம் கதைக்கப் போனேன். போனவளுக்கு வேறு கதைதான் வாயில் வந்தது. அப்பிள் பழத்தை, சப்பாத்தைக் கழற்றியதை, எங்கள் கட்டடம் முழுக்க அவரை மரியாதை தெரிந்த மனிதர் என்று கொண்டாடுவதை, வடைகளின் காரணத்தை எல்லாம் சொன்னேன். முழங்கையைத் தொட்டுக் கொடுப்பது எங்களில் என்ன அர்த்தம் என்று செய்தும் காட்டினேன்.

கேட்டுக்கொண்டே இருந்தார். "அப்ப உந்தப் பழுதான தோளுக்குத்தானோ இவ்வளவு வடையும் வந்தது?"

"ஓம்."

இருமி இருமிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டு, "ஆருக்கு அப்பிடிக் குடுப்பியள்?" என்று கேட்டார்.

"பெரியாக்களுக்கு. சாமிக்கு. மனசுக்குப் பெரிசாப் படுற ஆருக்கும்."

"கட்சருக்குக் குடுக்கலாமோ?"

நான் பகிடி என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை, "வெள்ளைச் சட்டை எங்கயும் கிடக்கோ பார். வாறன் எண்டு லிண்டாவுக்குச் சொல்லு" என்றார்.

மைதானம்

இவர்தான் எங்கள் வான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். என் கணவருக்குக் கிரிக்கெட் சமயம் மாதிரி. வழி நெடுக, "கையை மடிச்சு எறியிறதெல்லாம் எங்களில நோ-போல், அங்கிள்" என்று கிண்டினார்.

"உங்கட ஆட்டம் தேத்தண்ணி குடிக்கத்தானே இடையில நிக்கிறது" என்றார் மிஸ்டர் வோல்ட்டர்.

மைதானத்து வாசலில் கார்களுக்கும் புல்லுக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு. அதன் முன்னால் அவர் நின்றுவிட்டார். என் கையில் அவர் பாரம் ஏறியது. லிண்டா மற்றப் பக்கம் வந்து நின்றாள். பிறகு சப்பாத்து நுனியால் கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தாண்டினார்.

அறிவிப்பவர் மிஸ்டர் வோல்ட்டர் சொன்னதை மட்டும் வாசித்தார்: இவர் இந்த நகரத்துக்காக இரண்டு கோடை எறிந்தவர், பிறகு இத்தாலியில் ஆற்றுக்கு மேலாக டெலிபோன் கம்பி எறிந்தவர்.

பிச்சர் நிற்கிற மண்மேட்டில் அவரை விட்டுவிட்டு நான் பின்னால் வந்தேன். தனியாக நின்றார். கையில் புதுப்பந்து. எதிரே கட்சர், தடித்த இளம் மனிதர், முகமூடியோடு குந்தியிருந்து கையுறையை விரித்துப் பிடித்தார். என் கணவர் பக்கத்தில் நின்று "எறியப் போறாரோ?" என்று கேட்டார்.

அவர் எறியவில்லை. நடந்தார்.

மேட்டிலிருந்து இறங்கி, மெதுவாக, கட்சரை நோக்கி நடந்தார். சனத்துக்கு என்ன நடக்கிறதென்று விளங்கவில்லை. கொஞ்சப் பேர் கை தட்டத் தொடங்கி நிறுத்தினார்கள். எங்கோ கொடி படபடத்தது. கட்சர் கையுறையை விரித்தபடி காத்திருந்தார். கிட்ட வர வர அவருக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும். எழுந்தார். முகமூடியைக் கழற்றினார். பிறகு கையுறையையும் கழற்றிக் கக்கத்தில் வைத்தார்.

மிஸ்டர் வோல்ட்டர் அவர் முன்னால் நின்று, இடது கையை வலது முழங்கையின் கீழே கொடுத்து, பந்தை உயர்த்தி நீட்டினார். ஒருவரும் சொல்லிக் கொடுக்காமலே அந்த மனிதர் தலையைக் குனிந்து இரண்டு கையாலும் வாங்கினார். இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அதன் பிறகுதான் சனம் எழும்பியது. என் கணவர் எல்லோருக்கும் முதல் எழும்பிவிட்டார். அவர் கண்ணை நான் பார்க்கவில்லை, அவரும் காட்டவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் மிஸ்டர் வோல்ட்டரிடம் கேட்டேன், "அந்தப் பொடியனிட்ட என்ன சொன்னனீங்கள்?"

"கொஞ்சம் வெளியால போட்டுதோ எண்டு கேட்டனான்."

"அவர் என்ன சொன்னவர்?"

"நடுவில வந்தது எண்டான்."

வீட்டில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் இருந்து குடித்து முடித்தார். சட்டையைக் கழற்ற நான் மேல் துடைக்கும் துவாயோடு போனபோது, வெறும் கோப்பையை வழக்கம் போல, முழங்கையைத் தாங்கி, என்னிடம் நீட்டினார். நீட்டியதும் ஒரு கணம் தன் இடது கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

துவாயைக் கதிரையில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாங்கினேன். கோப்பையில் இன்னும் சூடு இருந்தது.